சொந்த இரத்தம்

நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறவன். விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் கிடைத்த அன்றே உங்கள் அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்து, பன்னிரண்டரைக்கு அரை மணித்தியாலம் விட்டால் போதும், மற்றபடி எத்தனை நாளும் வரலாம் என்று சொன்னேன். அதற்கு ஒத்துக்கொண்ட குழுத் தலைவர் அடைக்கலநாதன் ஐயாவுக்கு நன்றி. நேற்று முழுநாளும் வாயால் பதில் சொன்னேன். இன்று எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதுதான் வசதி. கதைக்கும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லை மாற்றிவிடத் தோன்றும்.

உங்கள் கேள்வி ஒன்றுதான். சத்திரசிகிச்சைக்கு வந்த பஞ்சலிங்கம் என்ற நோயாளியிடமிருந்து, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி பெறாமல், நாள் தவறாமல் ஏன் இரத்த மாதிரி எடுத்தேன் என்பது. பதில் சிறியது. அனுமதி கேட்டால் காரணம் எழுத வேண்டும். காரணத்தை எழுதினால் அனுமதி கிடைக்காது. ஆனால் இதை மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்தால் நீங்கள் ஒரு கடதாசிக் குற்றமாக எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள் என்று தெரிகிறது. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன்.

நான் படித்தது நிர்ப்பீடனவியல். உடம்புக்குள் அந்நியமாக எது நுழைந்தாலும் தேடிப்பிடித்துக் கொல்லும் இரத்த வெள்ளைக் கலங்களில், அதாவது வெள்ளை அணுக்களில், ஒரு வகைக்கு டி கலங்கள் என்று பெயர். என் இருபத்துமூன்று வருடங்கள் அவற்றோடு போயின. அதில் பதினொன்று ஐரோப்பாவில், வருடத்தில் ஐந்து மாதம் இருட்டாக இருக்கும் ஒரு நகரத்தில். புற்றுநோயாளியின் டி கலங்களை எடுத்து, புற்றைக் கண்டால் தாக்கும்படி பழக்கி, கோடிக்கணக்கில் பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றுவோம். வளர்ப்பது என் வேலை. நான் வளர்த்த கலங்கள் பாத்திரத்துக்குள் நன்றாகக் கொன்றன. உடம்புக்குள் போன பிறகு பத்தாம் நாளுக்குள் தேய்ந்து காணாமற்போயின. முப்பத்துநான்கு நோயாளிகள். எல்லோருடைய பெயரும் இப்போதும் எனக்குப் பாடம். நான் மனிதர்களைப் பொருட்படுத்தாதவன் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்தத் திட்டத்துக்கு நிதி நின்றதும் உடுவிலுக்குத் திரும்பினேன். மூன்று அறை கொண்ட ஆய்வுகூடம் கிடைத்தது. ஆழ்குளிர்ப் பெட்டி ஒன்று, அதற்கு ஒரு ஜெனரேற்றர், தொழில்நுட்பவியலாளராகக் குருநகரைச் சேர்ந்த ஜெசிதா. நல்ல பிள்ளை, கை சுத்தம். நாங்கள் இரண்டு பேரும் வலிகாமத்தில் நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் திசு வகையைப் பரிசோதித்தோம். பின்னொரு காலத்தில் எவருக்காவது எலும்பு மச்சை மாற்ற வேண்டி வந்தால், யார் யாருக்குப் பொருந்துவார் என்ற பட்டியல் ஆயத்தமாக இருக்கும். அது நல்ல வேலை. அதில் எந்தக் குற்றமும் இல்லை.

திசு வகை என்றால் என்ன என்று நேற்று உங்களில் ஒருவர் கேட்டார். ஒவ்வொருவர் கலத்தின் மேலும் இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று தாய் கொடுத்தது, மற்றது தகப்பன் கொடுத்தது. டி கலம் எதிர்ப்படும் ஒவ்வொரு கலத்திலும் அதைப் பார்க்கிறது. தெரிந்த அடையாளம் என்றால் விடுகிறது, தெரியாதது என்றால் கொல்கிறது. அவ்வளவுதான்.

அச்சுவேலியில் பஞ்சலிங்கத்தின் குடும்பம் எங்கள் நாற்பத்தோராவது குடும்பம். வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்கிறவர். மனைவி மீனாம்பிகை சொந்த மச்சாள், மாமன் மகள். ஆகவே கணவனுக்கும் மனைவிக்கும் ஓர் அடையாளம் பொதுவாக இருந்தது. மூத்த மகள் தயாளினிக்குத் தகப்பனிடமிருந்தும் தாயிடமிருந்தும் அந்தப் பொது அடையாளமே வந்திருந்தது. இரண்டும் ஒன்று. இளையவன் டிலக்ஷனுக்கு அப்படி வரவில்லை. தயாளினியின் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்தேன். அப்போது அதற்கு நோக்கம் எதுவும் இல்லை. கவனிக்கத்தக்கது என்று தோன்றினால் புள்ளி வைப்பேன்.

இரண்டு வருடம் கழித்து, இந்த வருடம் மாசியில், இதய சத்திரசிகிச்சை நிபுணர் பொன்னம்பலம் எனக்கு ரெலிபோன் எடுத்தார். பஞ்சலிங்கத்துக்கு இதய வால்வு மாற்ற வேண்டும். இரத்தம் பி நெகட்டிவ். இரத்த வங்கியில் கையிருப்புக் குறைவு.

"பிள்ளையள் இரண்டும் அதே குறூப். குடுக்க ஆயத்தமா நிக்கினம்," என்றார். "ஆரை எடுக்கிறது நல்லம்?"

"மகனுக்குப் போன மாசம் காய்ச்சல் வந்தது. மகளை எடுங்கோ," என்றேன்.

"கொழும்பிலையிருந்து வியாழக்கிழமை பை வருமாம். அதுக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

"வால்வுக்குப் புது இரத்தம்தான் நல்லம். இரத்தம் உறையிறதுக்கு உதவும்."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. டிலக்ஷனுக்குக் காய்ச்சல் வந்தது உண்மை. புது இரத்தம் உறைவதற்கு உதவும் என்பதும் பாடப்புத்தகத்தில் உள்ளது. பஞ்சலிங்கத்துக்கும் அதுதான் விருப்பம். ஆஸ்பத்திரி வாட்டில் அவரே என்னிடம் சொன்னார்: "வெளியாக்களின்ரை இரத்தம் எனக்கு வேண்டாம் தம்பி. ஆர் எவரோ, என்ன வருத்தமோ. என்ரை பிள்ளையின்ரை இரத்தம் காணும்." எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சொந்த இரத்தம் என்றால் சுத்தம்.

வேறொருவரின் இரத்தம் ஏற்றும்போது அதிலுள்ள டி கலங்களும் கூடவே வரும். சாதாரணமாக நோயாளியின் உடம்பு அவற்றை அந்நியம் என்று கண்டு இரண்டு நாளில் அழித்துவிடும். டிலக்ஷனின் இரத்தம் ஏற்றியிருந்தால் அதுதான் நடந்திருக்கும். தயாளினியின் கலங்களில் இருந்ததோ ஒரே அடையாளம், அது தகப்பனுக்குத் தெரிந்த அடையாளம். தகப்பனின் உடம்பு அவற்றைத் தன்னுடையவை என்று விட்டுவிடும். ஆனால் தகப்பனிடம் இன்னோர் அடையாளமும் இருக்கிறது. அது தயாளினியின் கலங்களுக்குத் தெரியாது. அவை தகப்பனின் தோலைத் தாக்கும், குடலைத் தாக்கும், ஈரலைத் தாக்கும், கடைசியில் எலும்பு மச்சையை. தடுப்பார் இல்லாததால் பெருகும். மருந்து கிட்டத்தட்ட இல்லை. முன்கூட்டித் தெரிந்தால் இரத்தத்துக்குக் கதிர் பாய்ச்சி டி கலங்களைச் செயலிழக்கச் செய்யலாம். அல்லது வேறு ஒருவரின் இரத்தத்தை எடுக்கலாம்.

இந்த நோய் மிக அரிது. வந்தாலும் நோயாளி சாகும் தறுவாயில்தான் கண்டுபிடிக்கிறார்கள், பல இடங்களில் செத்த பிறகு. ஆகவே வேறொருவரின் டி கலம் ஒரு மனித உடம்புக்குள் முதல் நாள் என்ன செய்கிறது, மூன்றாம் நாள் எங்கே தங்குகிறது, எந்த நாளில் பெருகத் தொடங்குகிறது என்பதை நான் படித்த அளவில் எவரும் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது, ஏனென்றால் முதல் நாளில் எவருக்கும் தெரிந்திருப்பதில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. நான் பதினொரு வருடம் வளர்த்த கலங்களுக்குத் தெரியாமற்போன ஒன்று, உடம்புக்குள் நிலைத்து நின்று பெருகுவது, அச்சுவேலியில் ஒரு பெண்பிள்ளையின் கலங்களுக்கு எந்தப் பழக்கமும் இல்லாமல் வரும். அதை அறிந்தால் முப்பத்துநான்கு பேர் அல்ல, முப்பத்துநாலாயிரம் பேர் பிழைக்கக்கூடும். இதை நான் மிகையாகச் சொல்லவில்லை.

இரத்தம் ஏற்றுவதற்கு முன் ஒரு மாதிரி எடுத்தேன். அதற்குப் பூச்சியம் என்று இலக்கமிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒன்று. நானே எடுத்தேன், தாதிமாரிடம் விடவில்லை. என் கை மெதுவானது, நோகாது என்று பஞ்சலிங்கமே சொன்னார்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. ஏழாம் நாள் வெளியேறும் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் ஐஸ் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு அச்சுவேலிக்குப் போனேன். பெரிய டொக்டர் வீடு தேடி வருகிறார் என்று அயலில் கதையாகிவிட்டது. கொட்டிலுக்குள் வெங்காயப் பிடிகள் வரிசையாகத் தொங்கின. மீனாம்பிகை தேத்தண்ணியும் வறுத்த கச்சான் கடலையும் கொண்டுவந்து வைத்தார். ஒன்பதாம் நாள் பஞ்சலிங்கத்தின் கையைப் பிடித்தபோது சூடு தெரிந்தது. உள்ளங்கையும் காதுமடலும் சிவந்திருந்தன.

"இரவு தொடக்கம் உடம்பு காயுது டொக்டர்," என்றார் மீனாம்பிகை. "இப்பவே கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"நாளைக்குக் காலமை கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றேன்.

அன்று கூட்டிவந்திருந்தாலும் பலன் இல்லை. இதை மருத்துவம் தெரிந்த எவரிடமும் கேட்டுப் பார்க்கலாம். ஒன்பதாம் நாளில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பூச்சியத்துக்கு முதல்நாள் ஒரு ரெலிபோன் போதுமாக இருந்தது.

வாட்டில் முதலில் டெங்கு என்றார்கள். பிறகு கிருமி என்றார்கள். தோல் முழுக்கச் சிவந்து உரியத் தொடங்கியதும் மருந்து ஒவ்வாமை என்றார்கள். பொன்னம்பலம் என்னிடம் கேட்டார்: "மருந்து ஒத்துக்கொள்ளாமல் வந்ததாயிருக்குமோ?" "அப்பிடியும் வரும்," என்றேன். அப்படியும் வரும்தான். பதின்மூன்றாம் நாள் கண் மஞ்சளாகியது. வயிற்றோட்டம் நிற்கவில்லை. பதினைந்தாம் நாள் இரத்தத்தில் அவருடைய சொந்த வெள்ளைக் கலம் ஏறத்தாழ இல்லை.

"மிளகாய் அரைச்சுப் பூசினமாதிரிக் கிடக்குது தம்பி," என்றார் பஞ்சலிங்கம். நரம்பு அகப்படாமல் நான் இரண்டு தரம் குத்த வேண்டி வந்த நாள் அது. "எண்டாலும் நீங்கள் எடுங்கோ. நீங்கள் ஒராள்தான் ஒவ்வொரு நாளும் வந்து பாக்கிறியள். மற்றவை வாசலிலை நிண்டு எட்டிப் பாத்திட்டுப் போகினம்."

"கதைக்காமல் படுங்கோ அண்ணை," என்றேன்.

எனக்கு அவரில் கோபமோ வெறுப்போ இருந்ததில்லை. பாவம் என்ற எண்ணம் வர வேண்டும் என்று தெரிந்து, அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. வராதது எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது. பிறகு அந்தக் கவலையும் போய்விட்டது. நித்திரை நன்றாக வந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணியளவில் இறந்தார். எட்டு மணிக்கே மாதிரி எடுத்திருந்தேன். மரணச் சான்றிதழில் கிருமித் தொற்று என்று எழுதினார்கள். பன்னிரண்டரைக்கு நான் சாப்பிட்டேன்.

உங்களுக்கு முறைப்பாடு எழுதியவர் ஜெசிதா. பெயர் போடாமல் எழுதியிருந்தாலும் எழுத்து எனக்குத் தெரியும். அவரில் எனக்கு வருத்தம் இல்லை. குழாய்களுக்கு ஒட்டும் லேபிள்களை நான் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தேன். பூச்சியம் முதல் இருபத்தொன்று வரை. பஞ்சலிங்கம் இறந்த அன்று மேசையில் இரண்டு லேபிள் மிஞ்சிக் கிடந்தன. ஜெசிதா அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"சேர், உதுகள் எப்ப அடிச்சது?"

"ஒப்பரேஷனுக்கு முதல்நாள்."

"இருபத்தொண்டோடை ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"அதுக்கு மேலை தேவைப்படாது."

அவர் லேபிள்களை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். நெடுநேரம் கழுவினார். அடுத்த நாள் தொடக்கம் லீவு. முறைப்பாட்டில் அவர் இதை எழுதவில்லை, அனுமதி இல்லை என்பதை மட்டும் எழுதியிருக்கிறார். மற்றதை எழுதக் கை வரவில்லை போலும். ஆகவே நான் எழுதுகிறேன்.

ஒரு திருத்தம் உண்டு. பொன்னம்பலம் எனக்கு ரெலிபோன் எடுத்தார் என்று மேலே எழுதியிருக்கிறேன். அடித்து எழுதினால் தாள் அழுக்காகும் என்று அப்படியே விடுகிறேன். ரெலிபோன் எடுத்தது நான். சத்திரசிகிச்சைப் பட்டியல் ஒவ்வொரு திங்களும் ஆஸ்பத்திரி அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். எங்கள் நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தவர் எவராவது அதில் வருகிறார்களா என்று இரண்டு வருடமாகப் பார்த்து வந்தேன். பஞ்சலிங்கத்தின் பெயரைக் கண்டதும் எடுத்து, இரத்தத்துக்கு என்ன ஒழுங்கு என்று விசாரித்தேன். பொன்னம்பலம் டிலக்ஷனை எடுப்பதாக இருந்தார். அதன் பிறகு நடந்த உரையாடலை நான் எழுதியபடியே வைத்துக்கொள்ளலாம். பென்சில் புள்ளிக்கு நோக்கம் இல்லை என்று எழுதியதையும் நீங்கள் உங்கள் விருப்பப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, பஞ்சலிங்கத்தைக் கொன்றது நான். கொல்வதற்காகச் செய்யவில்லை, பார்ப்பதற்காகச் செய்தேன். சட்டத்தில் இந்த வேறுபாட்டுக்கு இடம் உண்டா என்று எனக்குத் தெரியாது. மாதிரிகள் இருபதும் ஆழ்குளிர்ப் பெட்டியின் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. என்னை என்ன செய்தாலும் ஜெனரேற்றருக்கு டீசல் விடுவதை நிறுத்தவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தயாளினியைப் பற்றியும் எழுத வேண்டும். தான் கொடுத்த இரத்தம் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து இரண்டொரு நாளில் ஆய்வுகூடத்துக்கு வந்தார். தகப்பனின் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் தந்தார். நன்றி சொல்லும் பக்கத்தில் "நாள்தோறும் வந்து பார்த்த வைத்திய கலாநிதி" என்று போட்டு என் பெயர் இருந்தது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை. நான் சொல்லவில்லை.

"ஒண்டு கேக்கட்டோ டொக்டர்," என்றார். "நான் குடுத்த இரத்தம் அப்பாவிலை எத்தினை நாள் இருந்திருக்கும்?"

"கடைசி வரைக்கும் இருந்தது பிள்ளை."

பத்தொன்பதாம் நாள் மாதிரியில் நூறு வெள்ளைக் கலத்துக்குத் தொண்ணூற்றேழு தயாளினியுடையவை. அதை நான் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் கடைசி மட்டும் அப்பாவோடைதான் இருந்திருக்கிறன்."

"ஓம்," என்றேன்.

அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இந்த விடயம் முழுவதிலும் நான் ஒருவருக்கு ஆறுதல் கொடுத்தது அப்போதுதான்.

போவதற்கு எழும்பியவர் வாசலில் நின்றார். "அம்மாவுக்குக் கர்ப்பப்பையிலை கட்டியாம். எடுக்கத்தான் வேணுமாம். இரத்தமும் குறைவாம். அவவுக்கும் நான்தான் குடுக்கப்போறன். குடுக்கலாம்தானே டொக்டர்?"

மீனாம்பிகைக்கும் பஞ்சலிங்கத்தைப் போலத்தான். ஓர் அடையாளம் தயாளினிக்குத் தெரிந்தது, மற்றது தெரியாதது.

"எடுக்கிறதுக்கு முதல் எனக்கு ஒருக்கால் சொல்லிவிடுங்கோ பிள்ளை," என்றேன்.

தடுப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். தயாளினி சொல் தவறாத பிள்ளை. முந்தநாள் பின்னேரம் ரெலிபோனில் செய்தி அனுப்பியிருந்தார்: நாளைக்குக் காலமை இரத்தம் எடுக்கினம், நாளையிண்டைக்கு (அதாவது இன்று) எட்டரைக்கு அம்மாவுக்கு ஒப்பரேஷன், கும்பிட்டுக்கொள்ளுங்கோ. நன்றி என்று பதில் போட்டேன்.

நேற்றுக் காலை ஒன்பது மணி தொடக்கம் ஐந்து மணி வரை உங்கள் ஐந்து பேருக்கு முன்னால் இருந்தேன். இன்றும் எட்டு மணியிலிருந்து இந்த அறையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன், எதையும் மறைக்கவில்லை. மீனாம்பிகையைப் பற்றி நீங்கள் எவரும் கேட்கவில்லை.